பெட்ரோல் டாங்கியின் வாயருகே

பெட்ரோல் வேலிக்குள் வேலை செய்கிறவர்கள் காலில் மெட்டி போடக் கூடாது என்று சொன்ன அன்றைக்கு, வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. "ஊட்டுல கேட்டுக்கினு நாளைக்கு வந்து சொல்றேன் சார்" என்றேன்.

அது யுத்தக் காலம். திண்டிவனத்துக்கு வெளியே மேட்டு நிலத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்கு ஒரு மைதானம் போட்டிருந்தார்கள். அதற்கு முன் அதெல்லாம் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லை. நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கொல்லைகளில்தான் கூலிக்குக் களை எடுத்தோம், காய் பறித்தோம். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. நிலத்துக்காரர்களுக்கு சர்க்கார் ஏதோ கொடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஜல்லி சுமக்கிற வேலை. நானும் என் நாத்தனாரும் கூடை கூடையாகச் சுமந்துதான் அந்த ஓடுபாதை வளர்ந்தது. பாதை முடிந்ததும் ஆட்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். பெட்ரோல் வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் பெண்கள் வேண்டும் என்று சொன்னார்கள். அங்கேதான் இந்த மெட்டிப் பேச்சு வந்தது.

சொன்னவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்த, இஞ்சின் வேலை பார்க்கிற பிட்டர். நடுத்தர வயது, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு, எப்போதும் கையில் ஒரு துணி. வெள்ளைக்கார சார்ஜன்ட் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்கிறவர் அவர்தான். "பெட்ரோலைவிட அதோட ஆவிதாம்மா பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது, தரையோட தரையா படுத்துக்கினு இருக்கும். கல்லுல இரும்பு பட்டு ஒரு பொறி பறந்தாப் போதும்" என்றார். பீடி, தீப்பெட்டி, இரும்பு வளையல், லாடம் அடித்த செருப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வெள்ளியில் பொறி வராது என்று ஒரு பெண் வாதம் செய்தாள். "எது வெள்ளி, எது ஈயம் பூசின இரும்புன்னு வாசல்ல நின்னு நான் ஒரசிப் பார்த்துக்கினு இருக்க முடியுமா?" என்றார் அவர். தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. துணியில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தாலியையும் கேட்டிருந்தால் நானும் வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் லாரியில் வேலை கிடைத்திருந்தது. விழுப்புரம் ஸ்டேஷனில் வந்து இறங்கும் பெட்ரோல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, விக்கிரவாண்டி வழியாக மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்குவது. கேப்பைக் களியைத் தட்டில் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மெட்டிய கழட்டறதா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவா?" என்றார்.

"உள்ள போறப்ப கழட்டணும். வெளிய வந்தா போட்டுக்கலாங்க."

"ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா?"

"ஊரு நமக்கு வேலை தருதாங்க?"

அவர் ஒரு உருண்டைக் களியை விழுங்கினார். பிறகு சிரித்துவிட்டார். "என்னையும் வாசல்ல நிக்க வெச்சு மடிய அவுத்துப் பார்க்கறான். பீடிக் கட்டு, தீப்பெட்டி ரெண்டையும் புடுங்கிக்கறான். சரி, எனக்கு பீடி, உனக்கு மெட்டி. போய் வேலைல சேரு."

இப்படித்தான் நானும் நாத்தனாரும் பெட்ரோல் வேலிக்குள் போனோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூங்கில் குச்சி போல ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள்.

அங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். "ஏரோப்ளேனுக்குத் தண்ணி காட்றோம்" என்பாள் அவள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல. உண்மையில் எங்கள் வேலையே ஏரோப்ளேனுக்குள் தண்ணீர் போகாமல் பார்ப்பதுதான். பெட்ரோலோடு ஒரு கை தண்ணீர் போனாலும் ஆகாயத்தில் இஞ்சின் நின்றுவிடும் என்றார் பிட்டர். அதனால் பீப்பாயை உருட்டி வந்த உடனே திறக்க மாட்டோம். நிறுத்தி வைத்து, உள்ளே கலங்கியது அடியில் படியும் வரை காத்திருப்போம். பிறகு ஒரு பெரிய புனலில் தோல் விரித்து அதன் வழியாக ஊற்றுவோம். பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது, அப்படி ஒரு தோல். அதன் பெயரை அவர் 'ஷாமி' என்று சொன்னார். எங்கள் காதில் அது சாமித் தோல் என்று விழுந்தது. முதல் நாள் ஒருத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிட்டர் சிரித்தாரே தவிரத் திருத்தவில்லை. கடைசி வரை எங்களுக்கு அது சாமித் தோல்தான்.

ஊற்றும்போது ஏரோப்ளேனிலிருந்து தரையில் அடித்த முளைக்கு ஒரு செப்புக் கம்பி கட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் ஓடுகிற ஓட்டத்திலேயே மின்சாரம் பிறக்கும், அது மண்ணுக்குள் இறங்க வழி வேண்டும் என்பார். கம்பி கட்டாமல் மூடியைத் திறந்தால் சார்ஜன்டுக்கு முகம் சிவந்துவிடும். சாயங்காலம் இறங்கும் ஏரோப்ளேனில் டாங்கியை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். காலி இடம் விட்டால் ராத்திரிக் குளிரில் உள்ளே பனி பூத்து நீராக இறங்கும். காலையில் இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாயைப் பிட்டர் திருக, நான் கண்ணாடிச் சாடியைப் பிடிப்பேன். அடியில் ஒரு முத்து உருண்டு நின்றால் அது தண்ணீர். முத்து வராத வரைக்கும் பிடிப்போம். அந்தச் சாடியைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து "சுத்தம் சார்" என்று நான் சொன்ன பிறகுதான் விமானம் ஓட்டுகிறவர் ஏறுவார். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த எனக்கு அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

பெட்ரோல் வாசனை தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சீயக்காய் போட்டாலும் போகாது. சாப்பிடுகிற கையில் அந்த வாசனை. கோயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நகர்ந்தால் எங்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்று நாத்தனார் காலை நீட்டிக்கொள்வாள்.

வேலிக்குள் ஒரு மூலையில் பெரிய இரும்பு டாங்கி ஒன்று பாதிக்கு மேல் மண்ணில் புதைந்திருந்தது. பீப்பாயிலிருந்து வடிகட்டிய பெட்ரோலை அதில்தான் சேர்த்து வைப்போம். நாள்பட அதன் அடியில் துருவும் தண்ணீரும் சேர்ந்து கருஞ்சேறு ஆகிவிடும். அதைக் காலி செய்துவிட்டு ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். மேலே இருந்த வாயோ மிகக் குறுகல். பிட்டர் தோளை நுழைத்துப் பார்த்தார். முடியவில்லை. ஆண் கூலிகளில் யாருக்கும் முடியவில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எறங்கறேன் சார். எங்க அண்ணி மேல நிப்பாங்க" என்றாள். என்னைக் கேட்கவே இல்லை.

அந்த வேலைக்கு உள்ள விதிகளைப் பிட்டர் எங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரும்பு ஏணி கூடாது, கயிற்றால் கட்டிய மர ஏணி. இரும்பு வாளி கூடாது, கித்தான் துணியில் தைத்த வாளி. சுரண்டுவதற்குப் பலகை. விளக்கு எதுவும் கூடாது. ஒரு பெண் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, டாங்கிக்குள் வெளிச்சத்தை இறக்குவாள். இறங்குவதற்கு முன் கொல்லன் பட்டறையில் இருப்பது போல் கையால் சுற்றுகிற காற்றுப் பெட்டியை வைத்து, துணிக் குழாய் வழியாக நாள் முழுக்கக் காற்று அடிக்க வேண்டும். இறங்குகிறவளின் அக்குளுக்குக் கீழே கயிறு கட்ட வேண்டும். இடுப்பில் கட்டினால் தூக்கும்போது உடம்பு மடிந்து வாயில் சிக்கிக்கொள்ளும். மேலே நிற்பவள் கயிற்றை விடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி விதியை மட்டும் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "உள்ள இருக்கறவ சாஞ்சுட்டான்னா காப்பாத்தறேன்னு யாரும் எறங்கக் கூடாது. எறங்கினவன் வரவே மாட்டான். கயிறுதான் தூக்கணும். யாரு வந்து அழுதாலும் சரி, யாரு தள்ளினாலும் சரி. புரியுதாம்மா?"

"புரியுது சார்" என்றேன்.

இரண்டு தடவை அவர் பக்கத்தில் நிற்கும்போதே அவள் இறங்கி ஏறினாள். வாளி வாளியாகச் சேறு வந்தது. அப்போது ஒரு ஏரோப்ளேன் வந்து இறங்கியது, சார்ஜன்ட் அவரைக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு நடை எறங்கட்டும். அதோட இன்னைக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றுப் பெட்டி சுற்றுகிற இரண்டு பெண்களும், கண்ணாடி பிடித்தவளும், நானும்தான் அங்கே.

நாத்தனார் இறங்கினாள். ஆள் உள்ளே இருக்கும்போது காற்று அடிக்க வேண்டும் என்று யாரும் அதுவரை சொல்லவில்லை. குழாய் வாயை அடைக்கும் என்று வெளியே எடுத்துவிடுவோம். நான் மேலே மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

"பாப்பா, எந்த மூலைல கீற?"

"பின்னாண்ட அண்ணி. நெறைய கீது."

கொஞ்ச நேரம் பலகை சுரண்டுகிற சத்தம். மறுபடி கூப்பிட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. குடித்தவர்கள் சிரிப்பது போல் இழுத்துக்கொண்டே போனது.

"இன்னா சிரிக்கற? மேல வா."

"அண்ணி, காய வெச்ச மல்லாட்டைய எடுத்துட்டியா? மழை வருது அண்ணி."

மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "மேல வா! ஜல்தி வா!" என்று கத்தினேன். ஏணியில் கால் படுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு பொத்தென்று விழுகிற சத்தம். கயிறு என் கையில் திடீரென்று கனத்தது.

"புடிங்கடி!" என்றேன். காற்றுப் பெட்டிக்காரிகள் இரண்டு பேரும் ஓடிவந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தார்கள். கண்ணாடிக்காரி பிட்டரைக் கூப்பிட ஓடினாள். ஒல்லியான பெண்தான், ஆனால் தளர்ந்த உடம்பு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரின் லாரி பீப்பாய்களோடு வந்து வாசலில் நின்றிருந்தது. ஓடுகிறவளைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். வாசல்காரரைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். "என் தங்கச்சி எங்கடி?" என்றார். குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு கையை மேலே நீட்டி, தோளைச் சாய்த்து அந்த வாயில் நுழைய ஆரம்பித்துவிட்டார். அவரும் ஒல்லிதான். கஷ்டப்பட்டால் நுழைந்திருப்பார்.

நான் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலால் அவர் மார்பில் எட்டி உதைத்தேன். அவர் மல்லாந்து விழுந்து, நம்பாமல் என்னைப் பார்த்தார். "அது சாவுதுடி!" என்று கத்திக்கொண்டு மறுபடி வந்தார்.

"எறங்காதடா!" என்றேன். "நீயும் செத்துடுவ! கயித்தைப் புடிடா!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் 'நீ' என்று சொன்னது கிடையாது. அந்த 'டா' என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் அறை வாங்கினவர் போல் நின்றார். பிறகு என் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். அதற்குப் பிறகு நான்கைந்து இழுப்புதான். முதலில் அவளுடைய தலைமுடி தெரிந்தது, பிறகு தொங்கிய தலை, தோள்கள். அக்குளில் கட்டியிருந்ததால் சிக்காமல் நேராக வந்தாள்.

காற்று வரும் பக்கமாகத் தூக்கிப் போய் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நனைந்த புடவையை உருவி எறிந்துவிட்டு, என் மேல்துணியைப் போர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பிட்டர் ஓடிவந்து முதுகில் தட்டினார். அவள் வாந்தி எடுத்தாள், இருமினாள், மறுபடி வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து தன் அண்ணனைப் பார்த்துவிட்டு, "நீ இன்னா இங்க? லாரி எங்க?" என்று கேட்டாள்.

பிட்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எறங்காம புடிச்சீங்களே" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து, கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. வீட்டில் களி கிண்டி வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். உதைத்ததற்கா, 'டா' போட்டதற்கா, தங்கை சாகக் கிடந்த பயம் தெளியாததாலா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

நாத்தனார் எழுந்து நடமாடத் தொடங்கியதும் சார்ஜன்ட் அவளைக் கூப்பிட்டு, உள்ளே என்ன ஆயிற்று என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிட்டர் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எறங்கறப்ப ஒண்ணும் வாசனை இல்ல சார். சேத்தைக் கௌறக் கௌறத்தான் கீழேர்ந்து குபுகுபுன்னு ஏறிச்சு. அப்புறம் நான் எங்க கீறேன்னே தெரியல" என்றாள்.

சார்ஜன்ட் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சேற்றுக்குள்ளேயே பெட்ரோல் ஊறிக் கிடந்து, கிளறும்போது ஆவியாகிறது என்று புரிந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கள் வேலிக்குள் ஒரு புது விதி வந்தது. ஆள் உள்ளே இருக்கும் வரை காற்றுப் பெட்டி நிற்கக் கூடாது, குழாய் டாங்கியின் அடி வரை இறங்க வேண்டும், சேறு கிளறுகிறவள் சீக்கிரம் சீக்கிரமாக மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். குழாய்க்கு இடம் விடுவதற்காக வாயின் ஓரத்தில் தனியாக ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள். டாங்கியை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி வைத்துத்தான் அந்தத் துளையைப் போட்டார்கள். அந்த விதி எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. என் நாத்தனார் விழுந்து எழுந்து சொன்னதில் வந்தது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் மார் தட்டிச் சொல்வேன்.

மீதிச் சேற்றை எடுக்க வேறு யாரையாவது பார்க்கலாம் என்றார் பிட்டர். அவள் ஒப்பவில்லை. "பாதில வுட்டா எனக்குத் தூக்கம் வராது சார். கால்ல பெட்ரோல் பட்ட இந்தக் கொப்புளம் ஆறட்டும்" என்றாள். அண்ணன்காரர் விடமாட்டார் என்று நான் நினைத்தேன். அவள் இறங்குகிற அன்றைக்குக் காலையில் அவர் லாரிக்குப் போகவில்லை. பிட்டரிடம் போய், "காத்துப் பொட்டிய நான் சுத்தறேன் சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பகல் முழுக்கச் சட்டை நனைய நனையச் சுற்றினார். மாற்றிவிடப் போன பெண்களைக் கிட்டே சேர்க்கவில்லை. நான் கயிற்றில், அவர் பெட்டியில். உள்ளேயிருந்து அவள், "அண்ணா, காத்து பலமா வருது, பொடவை பறக்குது" என்று கத்துவாள். டாங்கி சுத்தமானது. கடைசியில் அவள் வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்து மேலே நீட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

அந்த டாங்கியில் மறுபடி பெட்ரோல் நிரப்பி, அதிலிருந்து முதல் ஏரோப்ளேனுக்கு ஊற்றினோம். நான் சாடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முத்துகூட இல்லை. அது ஓடி, எழும்பி, கடல் பக்கம் திரும்பி, பொட்டாகி மறையும் வரை நாங்கள் எல்லோரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். எங்களில் யாரும் ஏரோப்ளேனில் ஏறியது கிடையாது. ஆனாலும் அதை அனுப்பியது நாங்கள்தான் என்று இருந்தது.

யுத்தம் முடிந்ததும் வேலியைப் பிரித்தார்கள். அத்தனை பெட்ரோல் வந்து போன அந்த இடத்தில் ஒரு நாளும் நெருப்புப் பற்றியதில்லை, எங்கள் கையிலிருந்து போன எந்த ஏரோப்ளேனும் தண்ணீரால் நின்று விழவில்லை. புறப்படும்போது பிட்டர் எங்கள் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் நாத்தனாருக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரயில் இஞ்சின் கொட்டகையில் வேலை செய்கிறவர். பேச்சு முடிக்க நாங்கள் போனோம். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பெட்ரோல் கெடங்குல வேலை செஞ்சுதாமே. ஆம்பளைங்க நடுவுல, கட்டிக்கினவங்ககூட மெட்டியக் கழட்டி வெக்கற எடம்னு சொல்லிக்கறாங்களே" என்று இழுத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். அந்த நாளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க. ஆம்பளை எவனும் நொழைய முடியாத டாங்கிக்குள்ள எறங்கின பொண்ணுங்க இது. மயக்கம் போட்டு வுழுந்துட்டு, மறுபடியும் எறங்கி முடிச்சுட்டு வந்துது. நான் பைத்தியக்காரன், பின்னாடியே குதிக்கப் போனேன். இதோ ஒக்காந்துக்கினு கீறாளே, இவதான் எட்டி ஒதச்சா. 'டா' போட்டுக் கூப்புட்டா. கூப்புடலேன்னா இன்னைக்கு நானும் இல்ல, பொண்ணும் இல்ல. எங்க ஊட்டுப் பொம்பளைங்க இப்படித்தான். வேணும்னா கட்டுங்க, வேணாம்னா பேஜாரு இல்ல, கெளம்பறோம்."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை முன்னால் வந்து, "அம்மா, காபி போடு. அவங்க கெளம்பிடப் போறாங்க" என்றார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.